பின்பாரம்

பிக்கப் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்குவதுபற்றி இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். போன ஆண்டு நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். அந்தப் படத்தில் வண்டி நிமிர்ந்து நிற்கிறது, உண்மைதான். இப்போது அப்படி நிற்கவில்லை. காரணத்தை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. இங்கேயே எழுதிவிடுகிறேன்.

காலியாக நிற்கும் எந்தப் பிக்கப்பையும் பக்கவாட்டில் பாருங்கள். பின்பக்கம் தூக்கியும் முன்பக்கம் தணிந்தும் இருக்கும். கல்யாண வீட்டு வாசலில் கார்களுக்கு நடுவே அதை நிறுத்தினால், எதையோ தொலைத்துவிட்டுத் தரையில் தேடுவதுபோலத் தோன்றும். எனக்கு அது பிடிக்கவில்லை. சக்கரத்தின் நடுமையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளந்தேன். முன்னால் 51 செ.மீ., பின்னால் 56. அளப்பவர்கள் தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர்க் காற்று ஏமாற்றிவிடும். இந்த 5 செ.மீ. எனக்குக் குறையாகத் தெரிந்தது. முன்பக்கத்தைத் தூக்கி மட்டமாக்கும் லெவலிங் கிட் வாங்கினேன்.

பெயர்தான் பெரிது. பெட்டிக்குள் இருந்தவை உள்ளங்கை அகல அலுமினிய வளையங்கள் இரண்டு, கொஞ்சம் போல்ட், நட்டு. என் வண்டியில் முன்னால் காயில் ஸ்பிரிங், பின்னால் கமான் பட்டை. முன் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக இருக்கும். அந்தத் தூணின் தலைக்கும் சேசிஸுக்கும் இடையில் இந்த வளையம் உட்கார வேண்டும். வளையத்தின் தடிமன் ஒரே அங்குலம், ஆனால் வண்டி இரண்டு அங்குலம் உயரும் என்று பெட்டியில் போட்டிருந்தது. பொய் சொல்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பொய்யில்லை. கதவை நடுவில் பிடித்து ஓர் அங்குலம் தள்ளினால் அதன் ஓரம் இரண்டு அங்குலம் நகர்கிறது அல்லவா? சேசிஸிலிருந்து சக்கரத்துக்கு நீளும் இரும்புக் கைதான் கீழ்க்கை. தூண் நிற்பது அதன் ஏறக்குறைய நடுவில், சக்கரம் இருப்பது அதன் ஓரத்தில். கணக்கு அவ்வளவுதான்.

மாட்டும் வேலையை நானும் அக்கா மகனும் காவேரிப்பட்டணத்துக்கு அப்பால் எங்கள் மாந்தோப்பு மோட்டார் கொட்டகையில் வைத்துச் செய்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போய்விட்டது. ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுத்து நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, ஏபிஎஸ் ஒயரும் பிரேக் குழாயும் இழுபடாமல் கட்டிவைத்து, மேல் பால் ஜாயிண்ட்டைத் தட்டி விடுவித்தோம். அதன் பிறகே தூண் வெளியே வந்தது. அதன் தலையில் சுற்றிலும் மூன்று நட்டுகள், நடுவில் ஒன்று. அந்த நடு நட்டில் பையன் ஸ்பேனரை வைத்துவிட்டான். நான் கத்திய கத்தலில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஓடிவந்தார். அழுத்திப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்குக்கு அதுதான் பூட்டு. திறந்தால் தெறித்து ஆளையே முடித்துவிடும்.

"மாமா, வீடியோவில் இதைச் சொல்லவே இல்லையே" என்றான்.

வீடியோவில் சொல்லாத இன்னொன்றும் உண்டு. ரப்பர் புஷ் இருக்கும் போல்ட்டுகளைச் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது கடைசி முறுக்கு முறுக்கக் கூடாது. வண்டியைத் தரையில் இறக்கி, அதன் எடை சக்கரத்தின்மேல் உட்கார்ந்த பிறகே முறுக்க வேண்டும். இல்லையென்றால் புஷ் நாள் முழுக்க முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். எங்களுக்கு அந்த ஞானம் இரண்டாவது பக்கத்தை மாட்டும்போதுதான் வந்தது. முதல் பக்கத்தைத் தளர்த்தி மறுபடியும் முறுக்கினோம்.

மாலையில் அளந்தால் முன்னும் பின்னும் 56. அன்றைய மகிழ்ச்சியை மறைக்க மாட்டேன். ஐந்தாறு படம் எடுத்துப் போட்டேன். மறுநாளே அலைன்மென்ட் பார்த்திருக்க வேண்டும். முன்பக்கம் உயர்ந்தால் சக்கரங்களின் கேம்பரும் (நிற்கும் சாய்வு) டோவும் (பார்க்கும் திசை) மாறிவிடும் என்று தெரிந்தும் இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். அதற்குள் டயரின் வெளி ஓரம் சீவிவிட்டதுபோல ஆனது. அது என் சோம்பேறித்தனம், கிட்டின் தவறல்ல.

பிறகு மா சீசன் வந்தது. பெங்களூரா காய், கிரேட் என்கிற பெட்டி ஒன்றுக்கு 20 கிலோ, 40 கிரேட். போச்சம்பள்ளிப் பக்கம் உள்ள மாங்கூழ் ஆலைக்கு இரவில் கிளம்ப ஆயத்தமானேன். லாந்தர் காலத்து மனிதரான அப்பா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"என்னப்பா, பின்பாரமாக ஏற்றியிருக்கிறாய்?"

மாட்டுவண்டி ஓட்டிய வீட்டுக்காரர்களுக்கு இந்தச் சொல் புரியும். பாரம் அச்சுக்குப் பின்னால் கூடினால் நுகத்தடி மேலே எழும்பும், பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். பாரம் ஏற்றி முடித்ததும் ஏர்க்காலை ஒரு கையால் தூக்கிப் பார்த்து, முன்பாரமா பின்பாரமா என்று சொல்லிவிடுவார் அப்பா. நான் கிரேட்டுகளைச் சரியாகத்தான் அடுக்கியிருந்தேன். ஆனால் 800 கிலோ ஏறியதும் பின்பக்கம் 7 செ.மீ. இறங்கியிருந்தது. பழைய நிலையில் இருந்திருந்தால் பின்பக்கம் 2 செ.மீ. தாழ்ந்து, வண்டி ஏறக்குறைய மட்டமாக நின்றிருக்கும். நான் குறை என்று நினைத்து அடைத்த அந்த 5 செ.மீ., வண்டியைச் செய்தவர்கள் சுமைக்காக ஒதுக்கி வைத்த இடம்.

அப்பாவிடம் ஒன்றும் சொல்லாமல் கிளம்பினேன். சாலை இருவழிதான், நடுவில் தடுப்பு இல்லை. எதிரே வந்த பஸ் விளக்கை அடித்து அடித்துக் காட்டியது. லோ பீமில்தான் போகிறேன், இவருக்கு என்ன கோபம் என்று திட்டிக்கொண்டே போனேன். இரண்டு கிலோமீட்டர் தாண்டி, பால் கேன்கள் கட்டிய மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் கண்ணை ஒரு கையால் மறைத்தபடி மண்ணில் இறங்கினார். அவர் வண்டி சாய்ந்தது, கேன் உருண்டது. ஓடிப்போய்த் தூக்கினேன். அடி இல்லை. பால் போய்விட்டது. "மேல் லைட்டைப் போட்டுக்கொண்டா வருவீர்கள்?" என்று கேட்டார். அது கீழ் லைட் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாலுக்குப் பணம் கொடுத்தேன், வாங்க மறுத்தார், பிறகு வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். சக்கரங்களுக்கு இடைத்தூரம் 3 மீட்டர். கம்பெனி விட்ட காலி நிலையோடு ஒப்பிட்டால், முன்னால் ஏற்றிய 5, பின்னால் இறங்கிய 7, மொத்தம் 12 செ.மீ. சரிவு. 50 மீட்டர் தொலைவில் வெளிச்சம் 2 மீட்டர் மேலே போகிறது. எதிரே வருபவரின் கண் வேறு எங்கே இருக்கும்? டேஷ்போர்டில் விளக்கைத் தாழ்த்தும் திருகு இருக்கிறது. அதைக் கடைசிவரை திருப்பியும் போதவில்லை. அந்தத் திருகும் கம்பெனி வைத்த உயரத்துக்காகச் செய்யப்பட்டதுதானே. காலி வண்டியில் ஹெட்லைட்டைச் சரிசெய்துகொண்டால் போதாதா என்று கேட்பார்கள். காலியில் சரியாக இருப்பது சுமையில் தப்பாகும், சுமைக்குச் சரிசெய்தால் காலியில் கிட்டத்துச் சாலைதான் தெரியும்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில், அனுமதியில்லாத மாற்றம் ஒன்றுக்கு உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. கிட் விற்பவர்கள் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

யாருமே போடக் கூடாது என்று சொல்ல வரவில்லை. முன்னால் கனமான வின்ச் (வடம் சுற்றி வண்டியை இழுக்கும் கருவி) மாட்டி, அதன் எடையில் வண்டி தணிந்துபோனவர்களுக்கு இது நியாயமான தேவை. அஞ்செட்டி, ஒகேனக்கல் என்று காலி வண்டியில் சுற்றுபவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை. அலைன்மென்டையும் விளக்கையும் சரிபார்த்துவிட்டால் சரி. பாலக்கோடு சந்தைக்குத் தக்காளி ஏற்றுகிறவரும், வத்தல்மலை வளைவுகளில் மூட்டையோடு ஏறுகிறவரும் இதைக் கேட்டால்தான் எரிச்சல் வருகிறது. பின்னால் சுமை கூடி முன்பக்கம் லேசாகும்போது ஸ்டீயரிங் கையில் நிற்காது. கொண்டைஊசி வளைவில் அது நல்லதற்கில்லை.

மாட்ட ஒரு நாள் ஆனது, கழற்ற அரை நாள்தான். மறுபடியும் அலைன்மென்ட், மறுபடியும் செலவு. வண்டி பழையபடி தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. வளையங்களில் ஒன்றை அப்பா மோட்டார் கொட்டகைக் கதவுக்கு முட்டுக்கொடுத்திருக்கிறார். இன்னொன்றைக் காணவில்லை. அக்கா மகன்மேல்தான் சந்தேகம், அவனுடைய நண்பன் போன வாரம் பிக்கப் வாங்கியிருக்கிறான். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வான் என்றுதான் தெரியவில்லை.