ரெண்டு பெல்ட்டில் ஒன்றை மட்டும் மாற்றிய மகராசனுக்கு

"ஒண்ணு நல்லாத்தான் இருக்குதுங்ணா, எதுக்கு ரெண்டையும் மாத்திக்கிட்டு?"

லாரியின் ரெண்டு ஃபேன் பெல்ட்டில் ஒன்றை மட்டும் மாற்றி எனக்குப் பணம் மிச்சம் பிடித்துக் கொடுத்த அந்த மெக்கானிக் புண்ணியவான் இந்நேரம் பட்டறையில் காற்றாடிக்கு அடியில் தூங்கிக்கொண்டிருப்பார். நான் தொப்பூர் ஏற்றத்தில், ஓரங்கட்டிய லாரி நிழலில் உட்கார்ந்திருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் 16 டன் ஜவ்வரிசி.

ஜோடி பெல்ட்டை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்பது என் கிளீனர் பையனுக்கே தெரியும். பழையது நீண்டு தொளதொளத்துக் கிடக்கும், பாரம் முழுக்கப் புதுசின் தலையில் விழும். பூட்டிய ரெண்டு மாட்டில் ஒன்று சும்மா நடந்தால் இன்னொன்று என்ன ஆகும்?

அந்த ஒன்றையாவது ஒழுங்காக மாட்டினாரா? டைனமோ போல்ட்டைத் தளர்த்தினால் பெல்ட் தானாக வந்து உட்காரும். ஆனால் ஸ்பேனர் எடுக்க நாலடி நடக்க வேண்டுமே! கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைப் புல்லி விளிம்பில் கொடுத்து ஒரே நெம்பு. 'டப்'பென்று ஏறியது. உள்ளே இருக்கிற நூல் அப்போதே அறுந்திருக்கும், மேலே ரப்பர் மட்டும் புதுப்பெண் மாதிரி பளபளத்தது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். அரை அங்குலமாவது அமுங்க வேண்டியது, வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றது. "கிண்ணுன்னு இருக்குதுங்ணா" என்று அதற்கும் ஒரு பெருமை.

ஃபேன் இறக்கை ஒன்றில் நுனி உடைந்திருப்பதைக் காட்டினேன். "மீதி அஞ்சு இருக்குதுங்களே." ஐயா, நுனி போனால் பேலன்ஸ் போகும். அந்த ஆட்டத்தில் வாட்டர் பம்ப் பேரிங் போகும். அப்புறம் ஃபேனே ரேடியேட்டருக்குள் போகும். எல்லாம் போன பிறகு நான் எங்கே போவது, உங்கள் பட்டறைக்குத்தானே!

இன்றைக்கு ஏற்றத்தில் பெல்ட் போனது. டைனமோ சுற்றாததால் முதலில் சார்ஜ் லைட் எரிந்தது. ஃபேனும் வாட்டர் பம்பும் சுற்றாததால் அடுத்து சூட்டு முள் சரசரவென்று சிவப்புக்கு ஏறியது. நிறுத்தி இறங்குவதற்குள் ஒரே ஆவி. கிளீனர் ரேடியேட்டர் மூடியில் கை வைத்தான், கத்தி நிறுத்தினேன். "அப்போ இன்ஜின் மேல பச்சத்தண்ணி ஊத்தட்டுங்களா?" ஊற்றுடா ராசா, கொதிக்கிற இன்ஜின் ஹெட்டும் விரிசல் விடட்டும்.

பைக்கில் போன ஒருவர் நின்று, வேட்டியைக் கிழித்து முறுக்கி பெல்ட்டாகக் கட்டச் சொன்னார். நான் லுங்கியில் இருந்தேன். அவர் என் லுங்கியைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சரி. கிளீனர் இப்போதுதான் டீ வாங்கி வந்தான். 15 ரூபாய், சர்க்கரையே இல்லை.