எப்போது முடியும் என்று கேட்பவர்களுக்கு

நேற்று நடந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. "ஏழு மாசமா இதையே சொல்றீங்க, ஒரு தேதி கூடச் சொல்ல முடியலைன்னா அது ப்ராஜெக்டே இல்லை" என்று ஒருவர் எல்லார் முன்னாலும் சொன்னார். வாயால் சொன்னால் வீட்டு விளக்கைப் போடும் குரல் உதவியாளர் ஒன்றை நான் செய்துகொண்டிருக்கிறேன், அதைத்தான் சொன்னார். சிலர் சிரித்தார்கள். அங்கே வாயடைத்து நின்றேன், ராத்திரி தூக்கம் வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

தெரியாத வேலைக்குத் தேதி சொன்னால் அது பொய். சுவருக்கு வண்ணம் அடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேளுங்கள், சொல்கிறேன், ஏற்கெனவே அடித்திருக்கிறேன். வீட்டை விட்டு ஒரு வார்த்தை கூட வெளியே போகாத குரல் உதவியாளரை நான் இதுவரை செய்ததே இல்லை.

முதல் மாதம், பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் என்ற மென்பொருளை ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினியில் போட்டேன். "விளக்கைப் போடு" என்று சொல்லிவிட்டு மனதுக்குள் எண்ணினால், எட்டு எண்ணிய பிறகுதான் விளக்கு எரிந்தது. இரண்டு வார்த்தை பேசினாலும் விஸ்பர் மீதியை மௌனத்தால் நிரப்பி 30 விநாடித் துண்டாக்கித்தான் படிக்கும், இது புரியவே எனக்கு ஒரு வாரம் ஆனது. அப்புறம் இன்னும் சின்ன மாடலுக்கு மாறினேன். வேகம் வந்தது, ஆனால் "விளக்கு" என்றால் "விலக்கு" என்று எழுதியது. மின்விசிறி ஓடினால் அதுவும் இல்லை. உதவியாளரை எழுப்பக் கூப்பிடும் பெயரைச் சரிசெய்தால் டிவியில் யார் பேசினாலும் விழித்துக்கொண்டது. இதில் எதை முதல் நாளே தெரிந்துகொண்டு நான் தேதி சொல்லியிருக்க வேண்டும்?

என்னிடம் திட்டமே இல்லை என்பதுபோலப் பேசியதுதான் ரொம்ப வலித்தது. இருக்கிறது. எது தோற்றால் மொத்தமும் வீணோ அதை முதலில் சோதிப்பது, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம், அதற்குள் வரவில்லை என்றால் வழியை மாற்றுவது. தெரியாத வேலைக்கு இதுதான் திட்டம்.

"கெடு இல்லாவிட்டால் வேலை இழுத்துக்கொண்டே போகும்" என்பார்கள். சரி, அதில் நியாயம் இருக்கிறது, அந்த இரண்டு வாரக் கணக்கே அதற்காகத்தான். ஆனால் 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று மாணவர்களைக் கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே சொதப்பினால் என்று கேட்டபோதும் 49-ஐத் தாண்டவில்லை. ஆனது 55 நாளுக்கு மேல். தன் கையில் இருக்கும் வேலைக்கே இந்தக் கதி. நேற்று பேசியவர் தன் வேலையில் எத்தனை முறை தேதியைத் தள்ளிப்போட்டார் என்பதும் எனக்குத் தெரியும், ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை.

"கடையில் வாங்கினால் ஐந்து நிமிஷம்" என்று இன்னொருவர். தன் குரல் உதவியாளர் அலெக்சாவில் குழந்தைகளின் குரல் பதிவுகளை அழிக்காமல் வைத்திருந்ததற்காக 2023-இல் அமேசான் 25 மில்லியன் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. அலெக்சா இயங்கும் சில எக்கோ கருவிகளில் குரலை வெளியே அனுப்பாமல் வைக்க ஒரு வசதி இருந்தது, அதையும் 2025 மார்ச் 28-உடன் எடுத்துவிட்டார்கள். இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

ஏனென்றால் நான் செய்யும் உதவியாளரின் மைக் இருப்பது அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில். அறுவை சிகிச்சைக்குப் பிறகு இருட்டில் எழுந்து சுவரைத் தடவி ஸ்விட்சைத் தேட அவரால் முடியவில்லை, ஒருமுறை விழுந்துவிட்டார், யாரையும் கூப்பிடாமல் விடியும் வரை தரையிலேயே உட்கார்ந்திருந்தார். ராத்திரியில் வலியில் முனகுவார், சில நாள் அம்மா பெயரைச் சொல்லிப் பேசுவார். அந்தச் சத்தம் யாருடைய சர்வருக்கும் போகக்கூடாது. அதற்குத்தான் ஏழு மாதம். அதைப் பார்த்துத்தான் நேற்று சிரித்தீர்கள்.

போன வாரம் அவர் பத்து முறை கூப்பிட்டதில் ஏழு முறை விளக்கு எரிந்தது. மற்ற மூன்று முறையும் இருமிக்கொண்டே சொல்லியிருந்தார். இந்த இரண்டு வாரம் இருமலோடு சேர்த்து அவர் குரலைப் பதிவு செய்து சோதிக்கிறேன்.