‘சட்டம் சட்டம்தான்’ என்பவர்களுக்கு

மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில் அதிபர் தேர்தலில் நிற்க இருந்த எதிர்க்கட்சித் தலைவர் தியாமின் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து நீதிமன்றம் நீக்கியது சரிதான், சட்டம் சட்டம்தானே என்று இங்கே சிலர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

எந்தச் சட்டம்? ஐவரி கோஸ்டின் 1961-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், பிரிவு 48. வயதுவந்த குடிமகன் தானே விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினால் சொந்தக் குடியுரிமை போய்விடும். தியாம் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றது 1987-இல். 1998-இல் அவரை அமைச்சராகவே வைத்திருந்தார்கள். அன்று யாருக்கும் நினைவு வராத பிரிவு, 2025 ஏப்ரலில், தேர்தலுக்கு ஆறே மாதம் இருக்கும்போது நினைவுக்கு வருகிறது. என் கோபம் அதன்மேல்தான்.

“மார்ச்சிலேயே பிரெஞ்சுக் குடியுரிமையைத் துறந்துவிட்டாரே” என்றால், பெயர் பதிந்த நாளில் அவர் குடிமகன் இல்லை என்றது நீதிமன்றம். தேர்தலுக்கு முன் பட்டியலைத் திருத்தப் போவதில்லை என்றது தேர்தல் ஆணையம். கதவு இரண்டு பக்கமும் அடைத்தாயிற்று.

“அவருடைய கட்சி மட்டும் யோக்கியமா?” இல்லை. ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கட்சியைச் சேர்ந்த அன்றைய அதிபர் பெடியேயின் ஆட்சிதான் 1994 தேர்தல் சட்டத்தில், அதிபர் தேர்தலில் நிற்பவரின் தாய், தந்தை இருவருமே பிறப்பால் குடிமக்களாக இருக்க வேண்டும் என்று எழுதி, பிற்பாடு அதிபரான ஒவாட்டாராவை அன்று நிற்க விடாமல் தடுத்தது. 2000 அரசியல் சட்டத்திலும் ‘தந்தையோ தாயோ’ இல்லை, ‘தந்தையும் தாயும்’. ஓர் எண்ணும்மை ஒரு மனிதரை அந்நியராக்கியது. 2016-இல்தான் ‘தந்தையோ தாயோ’ வந்தது. அந்த வலியை அனுபவித்த ஒவாட்டாராவின் ஆட்சியிலேயே தியாமுக்கு இது நடந்தது என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

நீதிமன்றம் சுதந்திரமானது என்கிறீர்கள். இருக்கட்டும். சட்டம் எல்லா நாளும் ஒன்றாக இருந்ததா? அதைச் சொல்லுங்கள்.

தலைவர்களை விடுங்கள். அந்த நாட்டில் பிறந்தால் மட்டும் குடியுரிமை கிடையாது; பெற்றோரில் ஒருவராவது குடிமகன் என்று காட்ட வேண்டும். குழந்தை பிறந்து மூன்று மாதத்துக்குள் பதியாவிட்டால், பிறகு நீதிமன்றத் தீர்ப்பு வாங்கித்தான் பிறப்புச் சான்று. அதற்கு மேல் நீதிபதி தரும் குடியுரிமைச் சான்று. அதன்பிறகே அடையாள அட்டை. கொக்கோ தோட்டங்களில் வேலை செய்ய அன்றைய மேல் வோல்ட்டாவிலிருந்து, இன்றைய புர்க்கினா ஃபாசோவிலிருந்து, வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் சிக்கிக்கொள்வது இந்தப் படிகளில்தான். அந்நாட்டின் வடபகுதியாருக்கு உரிய பெயர் இருந்தால் கையில் அட்டை இருந்தும் சந்தேகப்பட்டார்கள். 2002 செப்டம்பரில் கிளர்ச்சி வெடித்து நாடு இரண்டானதற்கு இந்த அவமானமும் ஒரு காரணம். அரசும் கிளர்ச்சியாளர்களும் செய்த 2007 வாகடூகு சமாதான ஒப்பந்தத்தில், ஊர் ஊராகப் போய்ப் பிறப்புச் சான்று தரும் நடமாடும் நீதிமன்றங்களைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. 2010 தேர்தலுக்குப் பிறகான மோதலில் மட்டும் சுமார் 3,000 பேர் செத்தார்கள்.

தியாமுக்கு வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். கொக்கோ தோட்டத்தில் பிறந்து பதிவாகாமல் போன பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?