சார்ட்டுல வந்துட்டா விக்கிபீடியால தனிப் பக்கமா?

"ஒரு பாட்டு பில்போர்டு சார்ட்டுல (அமெரிக்க இசைப் பத்திரிகை போடற ஹிட் பாட்டுப் பட்டியல்) ஒரு வாரம் வந்துட்டாலே விக்கிபீடியால தனிப் பக்கம் கண்டிப்பா உண்டு, அதைத் தூக்குனா வேணும்னே பண்றாங்க"ன்னு ஒரு மெசேஜ் சுத்திட்டு இருக்கு. தப்புங்க.

ஆங்கில விக்கிபீடியாவோட விதி வேற. சார்ட்டுல வந்தது, அவார்டு வாங்குனது எல்லாம் "இந்தப் பாட்டைப் பத்தி யாராச்சும் எழுதியிருக்கலாம், தேடிப் பாரு"ங்கற அடையாளம் மட்டும்தான். பாடகரும் லேபிளும் (பாட்டை வெளியிடற கம்பெனி) சம்பந்தப்படாத ஆட்கள், அந்தப் பாட்டைப் பத்தியே, ஒண்ணுக்கு மேற்பட்ட இடத்துல விரிவா எழுதியிருக்கணும், அதான் கணக்கு. ஆல்பம் விமர்சனத்துல நடுவுல ரெண்டு வரி வந்தா அது ஆல்பத்துக்குத்தான் சேரும், பாட்டுக்கு சேராது. பேட்டில பாடகரே சொன்னதும் அப்படித்தான், அது அவரோட வாய்மொழி.

அதுக்காக பாட்டையே அழிச்சிடறாங்கன்னு நினைக்காதீங்க. பெரும்பாலும் வழிமாற்றுதான் போடுவாங்க. பாட்டு பேரைத் தட்டுனா ஆல்பம் பக்கம் தொறக்கும், தலைப்புக்குக் கீழ சின்ன எழுத்துல "இங்கிருந்து வழிமாற்றப்பட்டது"ன்னு ஒரு வரி இருக்கும், அதை அமுக்கி வரலாறு பாருங்க, பழைய கட்டுரை முழுசா அங்கயேதான் இருக்கும், நாளைக்கு நல்ல ஆதாரம் கிடைச்சா யார் வேணா மீட்டு எடுக்கலாம்.

நீக்கணும்னு உரையாடல் வெச்சாலும் சாதாரணமா 7 நாள் ஓடும், அங்க எத்தனை ஓட்டுன்னு எண்ணறது இல்ல, வாதத்தைத்தான் பாக்கறாங்க. அதனால பிடிச்ச பாட்டு போகுதேன்னு ரசிகர்களைத் திரட்டிட்டுப் போய் கத்தாதீங்க, பழைய இசைப் பத்திரிகைல வந்த ஒரு நல்ல கட்டுரையைத் தேடி எடுத்துட்டுப் போங்க.