3-ஆ 7-ஆ? ஒண்ணுமில்லாததுக்கு ஒரு ராத்திரி

"என் மெஷின்ல ஓடுதே." இந்த மூணு வார்த்தையை இன்னொரு தடவை யாராவது என்கிட்ட சொன்னா லேப்டாப்பை மூடி வச்சுட்டு சன்னியாசம் வாங்கிடுவேன். சத்தியமா.

நடந்தது இதுதான். ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல், அதாவது தகவலை டேக்னு பேர் எழுதின டப்பாவுக்குள்ள டப்பாவா அடுக்கி அனுப்பற ஃபைல். ஆர்டர்னு ஒரு டேக், அதுக்குள்ள ஐடி, பெயர், நிலைன்னு மூணு டேக். மாசக்கணக்கா ஒரே வரியா ஒட்டிக்கிட்டு வரும், நானும் வாங்கிப் போட்டுக்கிட்டு இருந்தேன். நேத்து சாயங்காலம் அனுப்பற பக்கத்துல ஒரு புண்ணியவானுக்கு "மனுஷன் படிக்கற மாதிரி இருக்கட்டுமே"ன்னு தோணியிருக்கு. இன்டென்ட் ஆன் பண்ணிட்டார். அழகா வரிவரியா, நாலு நாலு ஸ்பேஸ் தள்ளி. யார் படிக்கப் போறாங்க அதை? அந்த ஃபைலைத் திறந்து பார்க்கற ஒரே மனுஷன் நான். எனக்கு அந்த அழகு வேண்டாம்னு எழுதிக் கொடுத்திருப்பேனே.

என் புரோகிராம் எழுதி வைக்கற லாக்ல பார்த்தா: ஐடி சமம், சதுர அடைப்பு திறக்குது, அதோட வரி முடியுது. அடுத்த வரியில நாலு ஸ்பேஸ், அப்புறம் அடைப்பு மூடுது. அவ்வளவுதான் ஐடி. ஒரு என்டரும் நாலு ஸ்பேஸும். ஆர்டருக்குள்ள முதல்ல இருக்கற ஐடி டேக் வரும்னு நம்பி "முதல் பிள்ளையைக் கொடு"ன்னு கேட்டேன், ஃபைலைப் பிரிச்சுத் தர்ற பார்சர் என் கையில காத்தைக் கொடுத்திருக்கு. பேர் என்னன்னு கேட்டா ஹேஷ் டெக்ஸ்ட்டாம், டேக் இல்லை, வெறும் எழுத்துன்னு அர்த்தம்.

உடனே அந்தப் பக்கத்துக்கு போன் போட்டேன். "இங்க ஆர்டருக்கு 3 பிள்ளைங்கதானே சார் வருது"ங்கறார். அவர் புரோகிராம் டாட்நெட்ல. என்னது ஜாவாவுல. எனக்கு 7. அதே ஃபைல், ஒரு பைட் மாறலை. மூணு டேக், அதுக்கு முன்னாடி, நடுவுல, கடைசியிலன்னு நாலு வெத்து டெக்ஸ்ட் நோட் (node), அதாவது வெறும் ஸ்பேஸ் துண்டு. மாமியார் உடைச்சா மண்குடம், மருமகள் உடைச்சா பொன்குடம்னு சொல்லுவாங்களே, அதுதான். அவர் வீட்டுல என்டர் தட்டினா அது வெறும் என்டர். என் வீட்டுல அதுக்கு ரேஷன் கார்டுல பேர் சேர்த்தாகணும். சரி, மூணாவதா ஒரு சாட்சி இருக்கட்டும்னு பைத்தான் மொழிகிட்ட கேட்டேன். அதோட எக்ஸ்எம்எல் லைப்ரரி எலிமென்ட்ட்ரீ 3-ங்குது. அப்பாடான்னு உள்ளே போய்ப் பார்த்தா ஸ்பேஸ் எல்லாம் அங்கேதான் இருக்கு, முதல் ஸ்பேஸை ஆர்டரோட டெக்ஸ்ட்ல வச்சுட்டு, மத்ததை ஒவ்வொரு டேக்குக்கும் ஒரு வால் வச்சு அதுக்குள்ள சுருட்டி வச்சிருக்கு. வால்னு நான் சொல்லலை, அந்தப் பண்புக்கு வச்சிருக்கற பேரே டெயில்தான்.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, விதி தெளிவா இருக்கு. 1998 பிப்ரவரியில வந்த எக்ஸ்எம்எல் 1.0, பிரிவு 2.10. மார்க்கப் இல்லாத ஒவ்வொரு எழுத்தையும் பார்சர் அப்ளிகேஷன்கிட்ட ஒப்படைச்சாகணும். ஒப்படைக்கறது வரைக்கும் எல்லாரும் உத்தமர்கள். அதுக்கப்புறம் அதை மரமா கட்டற லைப்ரரி இருக்கே, அது ஒவ்வொண்ணும் ஒரு சமஸ்தானம். டாட்நெட்டோட எக்ஸ்எம்எல் டாக்குமென்ட்ல வெத்து ஸ்பேஸை வச்சுக்கணுமான்னு சொல்ற ப்ரிசர்வ் வைட்ஸ்பேஸ்னு ஒண்ணு இருக்கு, சொல்லாம விட்டா ஃபால்ஸ், வச்சுக்காது. ஜாவாவுல சொல்லாம விட்டா எல்லாமே இருக்கும். டேக்லயே எக்ஸ்எம்எல் ஸ்பேஸ்னு ஒரு அட்ரிபியூட், அதாவது ஒரு குறிப்பு, போட்டுக்கலாம். அதுக்கு ரெண்டே மதிப்பு: ப்ரிசர்வ், டிஃபால்ட். டிஃபால்ட்னா என்ன அர்த்தம்? "நீ வழக்கமா எப்படிப் பண்ணுவியோ பண்ணிக்கோ." இதுக்கு ஒரு அட்ரிபியூட்!

ஆக விதிப்படி பார்த்தா தப்பு என் மேலதான். பிள்ளை டேக்கான்னு பார்க்காம முதல் பிள்ளையை அப்படியே நம்பினது என் கோட். எழுதினது நான். போகட்டும், அதுவா இப்ப முக்கியம்?

ஜாவாவுலயும் வழி இருக்கும்னு தேடினேன். இருக்கு. செட் இக்னோரிங் எலிமென்ட் கன்டென்ட் வைட்ஸ்பேஸ். பேரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள மூச்சு வாங்குது. ட்ரூன்னு போட்டேன். ஓட்டினேன். 7. மறுபடி பில்ட் பண்ணினேன். 7. கேஷ் இருக்குமோன்னு எல்லாத்தையும் துடைச்சுட்டு ஓட்டினேன். 7. ஒரு எரர் கிடையாது, ஒரு வார்னிங் கிடையாது. ஒண்ணரை மணி நேரம் கழிச்சு டாக்குமென்டேஷனை ஒழுங்காப் படிச்சா, அது வேலை செய்ய டிடிடி, அதாவது எந்த டேக்குக்குள்ள என்ன வரலாம்னு சொல்ற விதிப் பட்டியல், வேணுமாம். எந்த டேக்குக்குள்ள வெறும் டேக்தான் வரும்னு டிடிடி சொன்னாதானே எந்த ஸ்பேஸ் வெட்டின்னு பார்சருக்குத் தெரியும்? நியாயம்தான். அந்த நியாயத்தை ட்ரூன்னு போட்டப்பவே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே! தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கிட்டு ஒண்ணும் பண்ணாம இருக்கறது மனுஷங்க பண்ற வேலை.

சரின்னு நானே ஒரு ஃபங்ஷன் எழுதினேன். மரம் முழுக்க ஏறி இறங்கி, வெத்து டெக்ஸ்ட் நோட் எல்லாத்தையும் பிடுங்கி எறிஞ்சாச்சு. 3! கைதட்டிக்கிட்டேன். ராத்திரி பதினொண்ணு.

பதினொண்ணு அஞ்சுக்கு டிஜிட்டல் கையெழுத்து செல்லாதுன்னு வந்தது.

பின்னே எப்படிச் செல்லும்? நடுவுல யாரும் ஃபைலை மாத்தலைன்னு காட்டத்தான் அந்தக் கையெழுத்து, அதைப் போட்டது ஸ்பேஸையும் சேர்த்துத்தான். கையெழுத்துக்கு முன்னாடி ஃபைலை ஒரே சீரான வடிவத்துக்குக் கொண்டு வர்ற கனோனிக்கலைசேஷன் பண்ணும்போது ஒரு டேக்குக்கு உள்ளே அட்ரிபியூட்களுக்கு நடுவுல இருக்கற ஸ்பேஸை ஒழுங்குபடுத்திடும். ரெண்டு டேக்குக்கு நடுவுல இருக்கறதைத் தொடவே தொடாது. நான் களைன்னு பிடுங்கினது, கையெழுத்துக்காக மொத்த எழுத்தையும் வச்சுக் கணக்குப் போடற ஹேஷோட பாதி. அப்பதான் உறைச்சது: அந்த டாட்நெட் மகானுக்கும் இது உடையணுமே? லோட் பண்றதுக்கு முன்னாடி ப்ரிசர்வை ட்ரூ ஆக்கலைன்னா அவருக்கும் கையெழுத்து ஊத்திக்கணுமே? கேட்டேன். "டெஸ்ட்ல அந்த செக்கை ஆஃப் பண்ணி வச்சிருக்கோம் சார்." ஆஃப் பண்ணி வச்சுட்டுத்தான் இவ்வளவு நேரமும் "இங்க ஓடுதே". பூட்டைக் கழட்டி வச்சுட்டு எந்தச் சாவி போட்டாலும் கதவு திறக்கும்யா!

முதல்ல கையெழுத்தைச் சரிபார்க்கறது, அப்புறம் ஸ்பேஸைப் பிடுங்கறதுன்னு வரிசையை மாத்தினேன். அது சரியாச்சு. இப்ப நிலை டேக் ஒத்துப் போகலையாம். "ஆக்டிவ்" வந்திருக்கு, நானும் "ஆக்டிவ்"தான் தேடறேன், ரெண்டும் சமமில்லைங்குது. ஓரத்து ஸ்பேஸை வெட்டற ட்ரிம் போட்டேன். சமமில்லை. அதே வேலை செய்யற ஸ்ட்ரிப் போட்டேன். சமமில்லை. ஒவ்வொரு பைட்டையும் குறியீடாக் காட்டற ஹெக்ஸ்ல திறந்தா வார்த்தையோட வால்ல சி2 ஏ0. நோ பிரேக் ஸ்பேஸ், அந்த இடத்துல வரி உடையக் கூடாதுன்னு போடற ஸ்பேஸ். யாரோ எங்கேயோ இருந்து காப்பி அடிச்சு ஒட்டியிருக்காங்க. எக்ஸ்எம்எல் கணக்குல வைட்ஸ்பேஸ்னா நாலே நாலு எழுத்து: ஸ்பேஸ், டேப், ரெண்டு விதமான வரி முடிவு. இது அந்த லிஸ்ட்ல இல்லை. ஜாவாவோட ட்ரிம்மும் தொடாது, ஸ்ட்ரிப்பும் தொடாது. டாட்நெட்டோட ட்ரிம் மட்டும் வழிச்சு எடுத்துடும். ஆகவே, வேறென்ன, அவர் மெஷின்ல ஓடுது.

இன்னும் ஜாவா 9 பண்ணின கூத்தையே நான் சொல்லலை. ஏற்கெனவே இன்டென்ட் பண்ணின ஃபைலைப் படிச்சு, மறுபடி இன்டென்ட் போட்டு எழுதினா, ஒவ்வொரு தடவையும் நடுநடுவே காலி வரி முளைச்சுக்கிட்டே போகும். 8-ல இருந்து மேல ஏத்தினப்ப ஒரு கான்ஃபிக் ஃபைல் அப்படித்தான் குட்டி போட்டுக்கிட்டே இருந்தது. வேண்டாம், அதைப் பேசினா பிபி ஏறும்.

கடைசியா ஒண்ணு கேட்டேன். "இன்டென்ட் பண்றதுக்கு முன்னாடி இருந்த ஒரிஜினல் ஃபைலை அப்படியே, தொடாம அனுப்புங்க." வந்தது. ஸ்க்ரீன்ஷாட். எக்ஸ்எம்எல்லை எடிட்டர்ல திறந்து, படம் பிடிச்சு, அந்தப் படத்தை ஒரு வேர்ட் டாக்குமென்ட்ல ஒட்டி அனுப்பியிருக்கார். நானும் விடியக்காலை மூணு மணிக்கு அதைப் பெருசாக்கி, ஒரு விரலை ஸ்க்ரீன் மேல வச்சு, இது ஒரு ஸ்பேஸா ரெண்டு ஸ்பேஸான்னு எண்ணிக்கிட்டு இருந்தேன் பாருங்க. பாதியில என்னை நானே பார்த்துட்டு சிரிக்க ஆரம்பிச்சவன் அஞ்சு நிமிஷம் நிறுத்தவே இல்லை.

அதுக்குள்ள சாட்ல "ஹாய்"னு ஒண்ணு. அவர்தான். நானும் ஹாய் போட்டேன். டைப்பிங்னு மூணு புள்ளி ஆடுது. நிக்குது. ஆடுது. இருபது நிமிஷம் ஆச்சு. ஹாய் போட்டா கூடவே விஷயத்தையும் சேர்த்துப் போடணும்னு எந்த ஸ்பெக்ல, எத்தனாவது பிரிவுல எழுதி வச்சாதான்யா கேட்பீங்க?