நட்டை இறுக்கச் சொன்னா சில்லை வெல்ட் பண்ணி விடுகினம்

யாழ்ப்பாணத்தில எந்த ரயர்க் கடைக்குப் போனாலும் கடைசியில நட்டு இறுக்கிற கன்னின்ர ஒரே சத்தம்தான். டர்ர்ர்ர். நட்டு போய் இருந்த பிறகும் டர்ர்ர்ர். அதுக்கு மேலயும் ஒருக்கா, தன்ர மனத்திருப்திக்கு, டர்ர். "தம்பி, காணும் விடு" எண்டா பெடியன் நிமிர்ந்து பார்த்து, "பயப்பிடாதேங்கோ அண்ணை, இனி உது கழராது" எண்டுறான்.

அதுதானடா தம்பி எனக்குப் பயம். கழராது!

சில்லு நட்டுக்கு ஒரு கணக்கு இருக்கு. நான் கண்டுபிடிச்சதில்லை, வாகனம் செய்தவன் எழுதி வைச்சது. விற்ஸ், அக்ஸியோ, அக்குவா எண்டு எங்கட றோட்டில ஓடுற ரொயோட்டாக்களுக்கு 103 நியூட்டன் மீற்றர். ஹொண்டா பிற், வெசல் எண்டா 108. சுசுகியில மொடலைப் பொறுத்து 85, இல்லாட்டி 100. றீகண்டிசனா வந்த கார், உள்ளுக்குக் கிடக்கிற புத்தகம் முழுக்க யப்பான் எழுத்து, ஒண்டும் விளங்காது எண்டு சாட்டுச் சொல்ல வேண்டாம். 103 எண்டது யப்பானிலயும் 103 தான்.

அது எவ்வளவு முறுக்கு விசை தெரியுமோ? அரை மீற்றர் கைபிடியின்ர நுனியில 21 கிலோ பாரத்தைத் தொங்க விட்டா வாறது. அவ்வளவுதான். காரோட வாற கட்டை எல் ஸ்பானர் 28 சென்ரிமீற்றர் எண்டு வையுங்கோ, அதில 37, 38 கிலோ பாரத்தால அமுக்கினாக் காணும். ஒரு சாதாரண ஆள் ரெண்டு கையாலயும் ஊண்டி அழுத்திற அளவு. அந்த ஸ்பானரைக் கட்டையாச் செய்து வைச்சவன் இரும்பு மிச்சம் பிடிக்கச் செய்யேல்லை. அதில ஒருத்தர் பைப்பைக் கொளுவி அரை மீற்றராக்கி, 70 கிலோ உடம்போட மேல ஏறி நிண்டா 340ஐத் தாண்டும். ஏறி நிக்கிறதோட விடாமல் குதிக்கிற ஆக்களையும் கண்டிருக்கிறன். அவையின்ர கணக்கை நான் போடேல்லை.

காத்தில வேலை செய்யிற அரை இஞ்சி கன் இருக்கே, அதில சாதாரணமானதே 500க்கு மேல குடுக்கும். எவ்வளவு குடுத்தது எண்டு கன்னுக்கும் தெரியாது, பிடிச்சவனுக்கும் தெரியாது. கொம்பிரசரில எவ்வளவு காத்து நிண்டது, குழாய் எவ்வளவு நீளம், விசையை எத்தினை செக்கன் அமத்தினவன், மத்தியானம் சாப்பிட்டவனோ இல்லையோ, எல்லாம் சேர்ந்து ஒரு குருட்டு எண் வருது. நாலு நட்டுக்கும் நாலு விதம். அதையும் குறுக்குக் குறுக்கா அடிக்கிறானோ எண்டா அதுவும் இல்லை. வட்டமாச் சுத்திக்கொண்டு போறான், கையை மாத்தத் தேவையில்லை எல்லே.

"இறுக்கம் கூடினா நல்லம்தானே" எண்டு கேக்கிற ஆக்களுக்காகச் சொல்லுறன். இறுக்கேக்க ஸ்ரட், அதுதான் நட்டுப் பூட்டுற புரி போட்ட கம்பி, மயிரிழை அளவுக்கு இழுபட்டு நீளுது. திரும்பித் தன்ர நீளத்துக்கு வரப் பார்க்கிற அந்த இழுவைதான் சில்லை, அது பூட்டுப்படுற ஹப்போட வைச்சு நெரிக்குது. நெரிபட்ட ரெண்டு முகத்துக்கும் இடையில வாற உராய்வுதான் காரின்ர பாரத்தையும் பிறேக்கின்ர விசையையும் தாங்குது. குறைய இறுக்கினா சில்லு ஆடும், ஆடி ஆடி நட்டு தானாக் கழரும். கூட இறுக்கினா ஸ்ரட் எல்லையைத் தாண்டி நீண்டுபோய்த் திரும்பிச் சுருங்காது. பிடி போயிடும், புரி சிதையும், ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் முறியும். வோக்ஸ்வாகன் வைச்சிருக்கிற ஆக்கள் இன்னும் கவனம். அதில நட்டே இல்லை, போல்ற்றை நேர ஹப்புக்குள்ள முறுக்கிறது. கோல்ஃபுக்கு 120 காணும். எங்கட கன் வீரர் அதுக்கும் அதே டர்ர்ர்ர்தான். நட்டு வாற காரில புரி போனா ஸ்ரட்டைத் தட்டி எடுத்து வேற போடலாம். இதில ஹப்புக்குள்ள புரி போனா ஹப்பையே மாத்தோணும். 2020 மார்ச்சில நிப்பாட்டின கார் இறக்குமதியை 2025 பெப்ரவரியிலதான் திரும்ப விட்ட நாடு இது. வைச்சிருக்கிற பழங்காரை எத்தினை பேர் பொன்னாப் பொத்தி ஓடிக்கொண்டிருக்கினம், அதை ஒருத்தன் மூண்டு செக்கனில முடிச்சு விடுறான்.

இன்னொரு கூட்டம் இருக்கு, கிறீஸ் கூட்டம். "எங்கட ஊர் உப்புக்காத்து அண்ணை, பூசினாத்தான் துரு பிடிக்காது." உப்புக்காத்து உண்மை. ஆனா இறுக்கிற விசையில பத்தில ஒன்பது பங்கு மட்டில உராய்வுக்கே போயிடுது, மிச்சம்தான் ஸ்ரட்டை இழுக்குது. கிறீஸைப் பூசி உராய்வைக் குறைச்சா, அதே 103இல ஸ்ரட் எக்கச்சக்கமா இழுபடும். புத்தகத்தில போட்ட எண் காஞ்ச புரிக்கு. செய்யவேண்டியது என்னெண்டா, கம்பிப் பிறஷ்ஷால புரியையும் ஹப்பின்ர முகத்தையும் உரஞ்சித் துருவை எடுக்கிறது. ஹப்புக்கும் சில்லுக்கும் இடையில துருத் தட்டை வைச்சு இறுக்கினா, ஓட ஓட அது நொருங்கி, இறுக்கினதெல்லாம் இளகிப் போகும். பிறஷ்ஷைப் பிடிக்கச் சொல்லிப் பாருங்கோ, சொத்தை எழுதித் தரச் சொன்ன மாதிரி ஒரு பார்வை வரும்.

எனக்கு உண்மையாக் கொதி ஏத்தினது பிறேக். ரயர் மாத்திக் கொஞ்சக் காலத்தில, 70இல வந்து பிறேக்கை மிதிச்சா ஸ்ரியறிங் உதறுது. கடைக்குப் போனன். அலைன்மென்ற் எண்டினம். செய்தாச்சு, காசு குடுத்தாச்சு, உதறல் போகேல்லை. பலன்சிங் எண்டினம். அதுவும் செய்தாச்சு. கடைசியில வேற ஒரு கராஜ்காரர் ஆட்டம் அளக்கிற டயலை வைச்சு, சில்லோட சுத்துற பிறேக் டிஸ்க்கைச் சுத்திக் காட்டினார். முள்ளு ஆடுது. ஒரு நட்டு கூட, ஒரு நட்டு குறைய எண்டு கன்னடிச்சா டிஸ்க் நேர இராமல் ஒரு பக்கம் சரியும். கண்ணுக்குத் தெரியாத சரிவுதான். ஆனா ஒவ்வொரு சுத்துக்கும் அந்த இடம் பிறேக் பாட்டில உரஞ்சுப்பட, சில ஆயிரம் கிலோமீற்றரில டிஸ்க்கின்ர தடிப்பு இடத்துக்கு இடம் மாறிப்போகும். உதறல் அங்கயிருந்துதான். அடிச்ச நாளில ஒண்டும் தெரியாது, தெரியிற நாளில அடிச்சவனை ஒருத்தரும் நினைக்க மாட்டினம். நல்ல வியாபாரம். டிஸ்க்கைக் கடைஞ்சு எடுத்துக்கொண்டு, இந்தமுறை கையால இறுக்குங்கோ எண்டு சொல்லிப்போட்டுக் காசு குடுக்க உள்ளுக்குப் போறன், வெளியில டர்ர்ர்ர்.

சரி, ரோர்க் றெஞ்ச், அதுதான் வைச்ச எண்ணுக்கு இறுகின உடன கிளிக் எண்டு சொல்லுற ஸ்பானர், அது இல்லாத கடைகளோ எண்டு கேளுங்கோ. இருக்கு! பெட்டியோட அலுமாரிக்கு மேல கிடக்கு. கொஞ்சம் சத்தம் போடுற வாடிக்கையாளர் எண்டா இறக்கிக்கொண்டு வருகினம். அதில நடக்கிற கூத்தைத்தான் சொல்லோணும். முதல் கன்னால 300க்கு அடிக்கிறது. பிறகு றெஞ்சை 103இல வைச்சு ஒவ்வொரு நட்டிலயும் ஒரு "கிளிக்". நட்டு அசையவே இல்லை, கிளிக் வந்திட்டுது. "பார்த்தீங்களே அண்ணை, சரியா இருக்கு." என்னடா சரி? 103இல நட்டு அசையேல்லை எண்டதுக்கு மட்டும்தான் அந்தச் சத்தம் சாட்சி. 300இல கிடக்கிறதை அது சொல்லவே சொல்லாது. கையால சுத்தி நட்டை இருக்க விட்டு, கார் ஜக்கில நிக்கேக்க குறுக்கா ஓரளவு இறுக்கி, நிலத்தில இறக்கின பிறகு றெஞ்சால நட்டு சுத்திச் சுத்தி வந்து கிளிக் எண்டோணும். ஒரு கிளிக். அதோட நிப்பாட்டோணும். அளந்து இறுக்கிறதுக்கு எண்டு இருக்கிற அதே றெஞ்சால நட்டுக் கழட்டுற ஒரு பெடியனையும் கண்டன், அண்டைக்கு நான் வாய் திறக்கேல்லை, இரத்த அழுத்தம் உள்ள ஆள்.

கடை முதலாளியிட்டச் சொன்னா அவர் பழைய சரித்திரம் எடுப்பார். "தம்பி, சண்டைக்காலப் பொருளாதாரத் தடைக்குள்ள மண்ணெண்ணெயில கார் ஓட்டின ஆக்கள் நாங்கள். எங்களுக்கு உந்த நம்பர் காட்டாதையும்." ஐயா, அந்தக் காலத்து மெக்கானிக்மாருக்கு நான் எழும்பி நிண்டு கும்பிடுவன். ஒஸ்ரினையும் மொறிஸ் மைனரையும், ரெண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் எடுத்து, மண்ணெண்ணெயில ஓட வைச்ச கை அது. ஆனா அந்தக் கையில கன் இருக்கேல்லை, ஐயா! தொண்ணூறுகளில இஞ்ச கரண்டே இல்லை, கொம்பிரசர் எங்கால வந்தது? அவை எல் ஸ்பானரால குறுக்கா இறுக்கி, கை சொன்ன இடத்தில விட்டவை. இரும்பு றிம், ட்ரம் பிறேக், அதுக்கு அது காணும். அவையின்ர பேரைச் சொல்லி நீங்கள் அலோய் றிம்முக்கு 300 அடிக்கிறதுதான் எனக்குப் பொறுக்கேலாமல் கிடக்கு.

இதையெல்லாம் ஆர் அனுபவிக்கிறது? ஆனையிறவில, ரெண்டு பக்கமும் உப்புத் தண்ணி, ஒதுங்க ஒரு மர நிழல் இல்லாத வெயிலில காத்துப் போய் நிக்கிற ஆள். என்ர அக்கா தனிய ஓடித் திரியிற ஆள். ஸ்பெயார் சில்லு இருக்கு, ஜக் இருக்கு, எப்பிடி மாத்திறது எண்டும் தெரியும். ஆனா 300இல கிடக்கிற நட்டைக் கழட்ட அந்தக் கட்டை ஸ்பானரில நூறு கிலோவுக்கு மேல அமுக்கோணும். துரு பிடிச்சிருந்தா அதுவும் காணாது. அக்கா 52 கிலோ. ஏறி நிண்டாலும் அசையாது. பிறகு "பொம்பிளையளுக்கு உது ஏலாது" எண்டு ஒரு கதை வேற. பொம்பிளைக்கு ஏலாமல் இல்லை. ஆம்பிளை ஒருத்தன் மூளையில்லாமல் அடிச்சு விட்டதாலதான் ஏலாமல் கிடக்கு.

சில்லு கழட்டிப் பூட்டினா 50இல இருந்து 100 கிலோமீற்றருக்குள்ள ஒருக்கா நிப்பாட்டி நட்டை இன்னொருக்காப் பார்க்கோணும், அலோய் எண்டாக் கட்டாயம். ஜேர்மனியில இருக்கிற என்ர மச்சான் குளிர்கால ரயர், கோடைகால ரயர் எண்டு வரிசத்துக்கு ரெண்டு தரம் தானே மாத்திறவர், ரெண்டு தரமும் இதைச் செய்யிறவர். எங்களுக்கு அதுக்கு இடம் தேடவும் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில இருந்து கொழும்புக்கு வெளிக்கிட்டா 70, 80 கிலோமீற்றரில முறிகண்டிப் பிள்ளையார் கோயில். எல்லா வாகனமும் நிக்குது. இறங்கிக் கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைச்சு, கச்சானும் வாங்கிக் கொறிச்சுக்கொண்டு ஏறுகினம். பிள்ளையார் அவ்வளவு வசதியா ஆளை நிப்பாட்டித் தந்திருக்கிறார், டிக்கியைத் திறந்து றெஞ்சை எடுக்க ரெண்டு நிமிசம். ஒரு நாளும் ஒருத்தரும் எடுத்து நான் காணேல்லை. நான் எடுத்தா, "என்னண்ணை, வாகனம் பிழையோ?" எண்டு கச்சான் விக்கிற அம்மா தொடக்கம் வான் றைவர் வரைக்கும் வந்து விசாரிக்கினம்.

ரோர்க் றெஞ்ச் ஒண்டும் கப்பல் விலை இல்லை. ஒரு நல்ல ரயர் வாங்கிற காசுக்குள்ள வரும். நான் ஒண்டு வாங்கி டிக்கியில போட்டுக்கொண்டு திரியிறன், வேலை முடிஞ்சாப் பின்னால முறுக்கி ஆகக் குறைஞ்ச எண்ணில விட்டுத்தான் வைக்கிறது. ஆனா நானே வந்து இறுக்கிறதெண்டா கடைக்காரருக்கு எதுக்குக் காசு? பில்லில பலன்சிங் ஒரு வரி, வால்வு ஒரு வரி, நைதரசன் காத்து ஒரு வரி. நைதரசன்! நாங்கள் மூச்சு விடுற காத்திலயே 78 வீதம் நைதரசன்தான், அதைக் காசுக்கு விக்க நேரம் இருக்கு. போன கிழமை கேட்டே விட்டன்: "நட்டுச் சரியா இறுக்கினதுக்கும் ஒரு வரி போடுங்கோ, சொல்லுற காசைத் தாறன், கன்னை மட்டும் அங்கால வையுங்கோ." முதலாளி கல்குலேற்றரில இருந்து தலையை எடுக்கவே இல்லை. "அதுக்கெல்லாம் ஆள் இல்லைத் தம்பி, பின்னால மூண்டு வாகனம் நிக்குது" எண்டார். எனக்குப் பின்னால நிண்ட ஹயேஸ்காரர் ஹோர்ன் அடிச்சார், எனக்குத்தான்.