எஃப்ரீட் தரும் எண்ணைப் பார்க்காமல் விடாதீர்கள்
சி மொழியில் ஒரு கோப்பை முழுதாக வாசிப்பது பற்றி ஒரு கட்டுரை படித்தேன். கோப்பின் கடைசிக்கு எஃப்சீக் செய்து (அந்த இடத்துக்கு நகர்ந்து), எஃப்டெல் (நிற்கும் இடத்தைச் சொல்வது) சொல்லும் அளவுக்கு மேலாக் (நினைவகத்தில் இடம் வாங்குவது) போட்டு, கோப்பை வாசிக்கும் எஃப்ரீடை ஒரே முறை அழைத்து முழுதும் வாசித்துவிடலாம் என்று அதில் இருக்கிறது. சரி, ஆனால் எஃப்ரீட் உண்மையில் எத்தனை பைட் வாசித்தது என்று எங்குமே பார்க்கவில்லையே, அதுதான் எனக்குக் கவலை.

நான் மன்னார்குடிக்காரன். மேட்டூர் அணை நீர்மட்டத்தை நாளுக்கு ஒரு வரியாக எழுதி வருகிறேன், எங்கள் பக்கம் குறுவை போடலாமா வேண்டாமா என்பதே அந்த எண்ணில்தான் இருக்கிறது. விண்டோஸில் வெறும் 'ஆர்' (டெக்ஸ்ட் முறை) போட்டு அந்தக் கோப்பைத் திறந்தேன். 1000 வரிக் கோப்பு, எஃப்டெல் சொன்னதைவிட எஃப்ரீட் தந்தது சரியாக 1000 பைட் குறைவு! வரி முடிவில் விண்டோஸ் வைக்கும் இரண்டு எழுத்தை டெக்ஸ்ட் முறை ஒன்றாக்கிவிடுகிறது. நானோ எழுத்துகள் இங்கே முடிகின்றன என்று காட்டும் சுழியை எஃப்டெல் காட்டிய இடத்தில் வைத்திருந்தேன், அதனால் கடைசி நாள் கணக்குக்குக் கீழே ஏதேதோ குப்பை எழுத்துகள், அரை நாள் அதிலேயே போயிற்று.

'ஆர்பி' (எதையும் மாற்றாத பைனரி முறை) போட்டுத் திறவுங்கள், மேலாக்கிடம் ஒரு பைட் கூடுதலாகக் கேளுங்கள், எஃப்ரீட் தந்த எண் எதுவோ அந்த இடத்தில் சுழியை வையுங்கள். மேலாக் நல் (இடம் இல்லை என்பதன் அடையாளம்) தந்ததா என்றும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், பைப் வழியாக, அதாவது வேறொரு நிரலிலிருந்து நேராக, வரும் தரவுக்கு இந்த அளவு பார்க்கும் வழியே உதவாது. துண்டு துண்டாக வாசித்து வாங்கிய இடத்தின் அளவை மாற்றும் ரீஅலாக்கில் இடத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டே போகவேண்டும், அதன் விடையை வேறொரு பாயின்டரில் (நினைவக முகவரியை வைக்கும் மாறி) வாங்குங்கள், இடம் கிடைக்காவிட்டால் பழையதாவது கையில் இருக்கும்.